கீழ்வழியாக கேமரா விட்டுக் கர்ப்பப்பை ஆபரேஷன்: ஆய்வில் அக்காவைச் சேர்க்கலாமா?

கோத்தகிரி_வாணி

எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்கு வயது 46. ரொம்ப நாளாகப் பெரும்பாடு, கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி, மாத்திரை ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது, ரத்தமும் ஏற்றியாகிவிட்டது. இப்போது கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் வழி என்கிறார்கள். கோவையில் நாங்கள் போகும் ஆஸ்பத்திரியில் ஒரு ஆய்வு நடக்கிறதாம். ஒரு முறையில் வயிற்றில் நாலு துளை போட்டு வழக்கமான லேப்ராஸ்கோப்பி. இன்னொன்றில் வயிற்றுத் தோலைத் தொடாமல் பிறப்புறுப்பு வழியாகவே கேமராவையும் கருவிகளையும் விட்டு எடுப்பது. ஆய்வில் சேர்ந்தால் எந்த முறை என்பதை நாமும் டாக்டரும் முடிவு செய்ய முடியாது, கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் என்கிறார்கள்.

மாமா ஒரே பிடியாக "உங்க அக்காவைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கறாங்க" என்கிறார். அம்மாவுக்கு அந்த வழி என்றாலே கூச்சம், பேச்சையே எடுக்கவிடுவதில்லை. அக்கா கேட்டது ஒன்றுதான்: கொழுந்து மூட்டையைத் திரும்ப எப்போது தலையில் தூக்கலாம்? அதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. இரண்டும் சுகப்பிரசவம், வயிற்றில் இதுவரை கத்தி பட்டதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெலிங்டன்_செவிலி

வாணி, நான் கோவையில் பல வருடம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவள், இரண்டு முறைக்கும் கருவி டிராலி அடுக்கியிருக்கிறேன். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் முதலில் சொல்கிறேன்.

கர்ப்பப்பையைக் கீழ்வழியாக எடுப்பது புதிதே கிடையாது. லேப்ராஸ்கோப்பி வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே, கர்ப்பப்பை கீழே இறங்கியவர்களுக்கு அப்படித்தான் எடுத்தார்கள். அதில் உள்ள கஷ்டம் வெளிச்சமும் இடமும். டாக்டர் கீழே உட்கார்ந்து, குறுகலான வழியில் எட்டிப் பார்த்து, கைக்கு எட்டுவதைப் பிடித்துக் கட்ட வேண்டும். மேலே சினைப்பை வரைக்கும் பார்வை போகாது. கட்டி பெரிதாக இருந்தாலும் சிரமம்.

புதிய முறையில் கர்ப்பப்பையின் வாயைச் சுற்றி முதலில் வழக்கம்போல் வெட்டிவிட்டு, அந்த வழியில் மெத்தென்ற ஒரு வளையத்தை உள்ளே வைப்பார்கள். அதன் வெளிப்பக்கத்தில் ஜெல் மூடி ஒன்று பொருந்தும். அந்த மூடியில் குத்தி கேமராவும் இரண்டு கருவிகளும் போகும். கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டதும் வயிறு உப்பி இடம் கிடைக்கும். அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்களைக் கீழிருந்து மேலாகச் சூடுபோட்டு அடைத்து வெட்டிக்கொண்டு போவார்கள். கடைசியில் கர்ப்பப்பை அதே வழியில் வெளியே வரும், வழியின் மேல்முனையைத் தையல் போட்டு மூடுவார்கள். வெளியில் பார்க்க ஒரு காயமும் இருக்காது, ஆனால் உள்ளே தையல் இருக்கிறது, இரண்டு முறையிலுமே இருக்கிறது. அக்காவின் கேள்விக்குப் பதில் அந்தத் தையலில்தான் இருக்கிறது. தோலில் தழும்பு இல்லை என்பதற்காக அடுத்த வாரமே மூட்டை தூக்க முடியாது. பொதுவாக ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, தாம்பத்தியம் கூடாது. இதை மாமாவிடமும் சொல்லிவிடுங்கள், பெண்ணிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டில் நடக்காது.

பந்தலூர்க்காரன்

செவிலியர் அக்கா சொல்வதெல்லாம் சரியாக இருக்கட்டும். எனக்கு ஒரே கேள்வி. இந்த மாதிரி ஆய்வுக்கெல்லாம் ஏன் எப்போதும் எஸ்டேட் ஆட்களும் மலைக்காரர்களும்தான் கிடைக்கிறார்கள்? காசு உள்ளவன் தனியறையில் படுத்து எனக்கு இந்த முறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறான். நம்மிடம் மட்டும் கையெழுத்துக் கேட்கிறார்கள். என் சின்னம்மாவுக்கு வெளியூரில் ஒரு இடத்தில் புதிதாக வந்த வைத்தியம் என்று ஒன்று செய்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மூத்திரம் கசிய ஆரம்பித்துவிட்டது. செய்தவர்கள் ஒரு போன் போட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை, நாங்கள் போட்டாலும் எடுக்கவில்லை. கடைசியில் இங்கே உள்ளூரில்தான் பார்த்தோம். அவர்கள் கணக்கில் சின்னம்மா இன்னும் நல்லபடியாகக் குணமானவராகத்தான் இருப்பார்.

ஊட்டி_மாணவன்

பந்தலூர் அண்ணா கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு வருவதற்கு முன் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டுக்குப் போனவருக்கு என்ன ஆனது என்ற கேள்வி அதிலும் திரும்பத் திரும்ப வருகிறது. (நான் மருத்துவ மாணவன். டாக்டர் ஆகிவிடவில்லை.)

வாய், ஆசனவாய், பிறப்புறுப்பு, மூத்திரத் துவாரம் என்று உடம்பில் இயற்கையாக உள்ள வழிகளில் நுழைந்து வயிற்றுக்குள் ஆபரேஷன் செய்வதற்குப் பொதுவாக நோட்ஸ் என்று பெயர். 2004-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆந்தனி கல்லூ குழுவினர் பன்றிகளில் செய்து பார்த்து வெளியிட்டார்கள். வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, இரைப்பையின் சுவரில் துளை போட்டு, அதன் வழியே வயிற்றறைக்குள் போவது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஹைதராபாத்தில் ஜி.வி.ராவும் நாகேஸ்வர ரெட்டியும் மனிதருக்கே வாய் வழியாகக் குடல்வாலை எடுத்து, அந்த வீடியோவை மாநாடுகளில் காட்டினார்கள். உலகமே பேசியது. ஆனால் அந்தத் தொடக்க நோயாளிகளின் முழு விவரம் முறையான ஆய்வுக் கட்டுரையாக வரவில்லை என்பது இன்றுவரை சொல்லப்படும் குறை. வீடியோவில் வேலை முடிந்த பிறகு அந்த மனிதருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்ததா, மூன்றாம் மாதம் எப்படி இருந்தார் என்பதெல்லாம் தெரியாது.

2005-இல் அமெரிக்க எண்டோஸ்கோப்பி சங்கமும் அறுவை மருத்துவர் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்து, இதை மனிதர்களில் பரப்புவதற்கு முன் தீர்க்க வேண்டிய சிக்கல்களை எழுதி வைத்தார்கள், மறுவருடம் அது அச்சில் வந்தது. அந்தப் பட்டியலில் முக்கியமானவை: உள்ளே போட்ட துளையை எப்படி நம்பிக்கையாக மூடுவது, வாயிலும் இரைப்பையிலும் இருக்கும் கிருமி வயிற்றறைக்குள் போகாமல் எப்படித் தடுப்பது, உள்ளே ரத்தம் கொட்டினால் எப்படி நிறுத்துவது, வளைந்து நெளியும் ஒற்றைக் குழாயில் இரண்டு கை வேலையை எப்படிச் செய்வது. இரைப்பைத் துளை சரியாக மூடவில்லை என்றால் ஆசிட்டும் சாப்பாடும் வயிற்றறையில் கசிந்து ஆளையே கொன்றுவிடும். நல்ல நிலையில் இருந்த ஒரு உறுப்பில் புதிதாக ஒரு ஓட்டை போட்டு இன்னொரு உறுப்பை எடுக்கிறோம் என்றால் அந்த ஓட்டைக்கு நூற்றுக்கு நூறு பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் இரைப்பை வழி சறுக்கியது.

பிறப்புறுப்பு வழி தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அந்த இடத்தைத் திறந்து தைப்பதில் மகப்பேறு மருத்துவர்களுக்குத் தலைமுறை தலைமுறையான பழக்கம் இருந்தது. 2007 ஏப்ரலில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ழாக் மாரெஸ்கோவின் குழு ஒரு பெண்ணுக்கு அந்த வழியில் பித்தப்பையை எடுத்தது. வயிற்றில் போட்டது 2 மில்லிமீட்டர் ஊசித் துளை ஒன்றுதான்.

வெலிங்டன்_செவிலி

தம்பி, ஸ்ட்ராஸ்பூர்க் வரை போய்விட்டு மலையடிவாரத்தை விட்டுவிட்டீர்களே. 2008-இல் கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் பழனிவேலு குழுதான் பிறப்புறுப்பு வழியாகக் குடல்வாலை எடுத்ததை உலகில் முதல் அறிக்கை என்று சர்வதேச அறுவை இதழில் வெளியிட்டது. இந்த வைத்தியத்தின் வரலாற்றில் ஒரு பகுதி மேட்டுப்பாளையம் சாலையின் அந்த முனையில்தான் நடந்திருக்கிறது.

குன்னூர்_பெரியவர்

நான் படித்தவன் இல்லை, ஒரு ஆய்வுக்கூடத்தில் விலங்குக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சோதனை என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாஸ்டியர் நிறுவனம் 1907-இல் வந்தது. நாய்க்கடி ஊசி அங்கேதான் தயாராகும். அந்தக் காலத்து ஊசி ஆட்டு மூளையிலிருந்து செய்வது, தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது உண்மை. ஊசி போட்டவர்களில் சிலருக்குக் கை கால் விழுந்துபோனதும் உண்மை. அப்படி ஆனவர்களை எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் வேறு ஊசி வேண்டும் என்று ஆனது. 2004 கடைசியில் நம் நாட்டில் அந்தப் பழைய ஊசியையே நிறுத்தினார்கள். இப்போது கையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறோம்.

காப்பகத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு பிராணி தீனி எடுக்கவில்லை என்றால் நோட்டில் எழுதியாக வேண்டும். காரணம் தெரியாவிட்டாலும் எழுத வேண்டும். காலையில் எழுதாமல் விட்டு மாலையில் நினைவிலிருந்து எழுதினால் மேலதிகாரி அந்தப் பக்கத்தையே ஏற்க மாட்டார். பிராணிக்கே அப்படி என்றால் மனுசிக்கு எப்படி எழுத வேண்டும்? பந்தலூர்த் தம்பியின் சின்னம்மாவுக்கு நடந்ததைப் படித்து மனசு ஆறவில்லை. சேரலாமா வேண்டாமா என்று கேட்பதோடு, உங்கள் நோட்டை யார் எழுதுகிறார்கள், எத்தனை நாள் எழுதுவீர்கள் என்றும் அந்த டாக்டரிடம் கேளம்மா.

கோத்தகிரி_வாணி

ஐயா, ரொம்ப நன்றி. அதை நாளை போனில் கேட்கிறேன்.

மாணவன் தம்பிக்கு ஒரு கேள்வி. கர்ப்பப்பைக்கு இந்த இரண்டு முறையையும் ஒப்பிட்டு வேறு எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா, இல்லை இங்கேதான் முதலா?

ஊட்டி_மாணவன்

செய்திருக்கிறார்கள் அக்கா. பெல்ஜியத்தில் பேக்கலான்ட் என்ற மருத்துவரின் குழு 70 பெண்களைக் குலுக்கல் முறையில் பாதிப் பாதியாகப் பிரித்துச் செய்தது, 2019-இல் முடிவு வெளிவந்தது. பிறப்புறுப்பு வழியில் செய்தவர்களில் 77 சதவீதம் பேர் அன்றே வீட்டுக்குப் போக முடிந்தது, லேப்ராஸ்கோப்பியில் 43 சதவீதம். ஆபரேஷன் நேரம் சராசரி 41 நிமிடம், மற்றதில் 75. வலி மாத்திரையும் குறைவாகத் தேவைப்பட்டது.

அதில் ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. தனக்கு எந்த முறை என்று தெரிந்துவிட்டால் நோயாளியின் மனசு வலியைக் கூட்டியோ குறைத்தோ சொல்லும். அதனால் பிறப்புறுப்பு வழியில் செய்யப்பட்டவர்களுக்கும் வயிற்றுத் தோலில் லேசாக நாலு கீறல் போட்டு, லேப்ராஸ்கோப்பி செய்ததுபோலவே கட்டுப்போட்டு அனுப்பினார்கள். நோயாளிகளிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கித்தான்.

பந்தலூர்க்காரன்

தழும்பு இல்லாத ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு, சோதிப்பதற்காகத் தழும்பு போட்டார்களா? இதை எஸ்டேட்டில் போய்ச் சொன்னால் ஒரு பெண்ணும் வர மாட்டாள். எனக்கு இது பிடிக்கவில்லை.

எமரால்டு_டாக்டர்

பந்தலூர் தம்பி, உங்களுக்குப் பிடிக்காமல் போவது புரிகிறது, ஆனால் நான் அந்தக் கீறல் போட்டவர்கள் பக்கம்தான் நிற்பேன். நான் இந்த மலையில் பொது மருத்துவம் பார்க்கிறவன். புதிதாக வரும் வைத்தியத்தை நேரில் பார்த்து வருகிறேன், ஒவ்வொன்றும் வலி இல்லை தழும்பு இல்லை என்ற விளம்பரத்தோடுதான் வருகிறது. வலி குறைவு என்பது நிஜமா, புதுசு என்ற நம்பிக்கையால் வந்த தோற்றமா என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் எல்லோருக்கும் வராது. தோலில் லேசான நாலு கீறல் ஆறிவிடும். பொய்யான ஒரு முடிவு ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பரவினால் அது ஆறாது. ஆனால் முன்பே சொல்லாமல் ஒரு கீறல் போட்டாலும் குற்றம்தான், அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

அந்த 70 பேர் ஆய்வை வைத்து எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். ஒரே ஊர், அந்த முறையில் நல்ல கை தேர்ந்தவர் செய்தது. 35 பேரில் ஒருவருக்குக்கூட ஒரு ஆபத்து வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மூன்றை 35-ஆல் வகுத்தால் வருகிற எட்டு ஒன்பது சதவீதம் வரை அந்த ஆபத்து நிஜத்தில் இருக்கலாம், 35 பேரில் அது தலை காட்டாமலேயே போயிருக்கலாம். மூத்திரக்குழாய் அடிபடுவது, குடல் அடிபடுவது போன்றவை அபூர்வமாக வருபவை, அவற்றைப் பிடிக்க நூற்றுக்கணக்கில் ஆயிரக்கணக்கில் பெண்களைப் பதிவு செய்து பின்தொடர வேண்டும். ஜெர்மனியில் நோட்ஸ் முறையில் செய்த பித்தப்பைக்கும் மற்றதற்கும் நாடு தழுவிய பதிவேடு வைத்து, 2010-இல் முதல் 551 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். சிக்கல் 3.1 சதவீதம், பாதியில் முறையை மாற்ற நேர்ந்தது 4.9 சதவீதம். கிட்டத்தட்ட எல்லோருக்கும் தொப்புள் பக்கம் ஒரு சின்னத் துளையும் துணைக்குப் போட்டிருந்தார்கள், அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். எனக்குப் பிடித்தது அந்த நேர்மை. அத்தனைக்கும் பிறகு பித்தப்பைக்கு இன்றும் உலகம் முழுக்க வயிற்றில் துளை போடும் லேப்ராஸ்கோப்பிதான் வழக்கம், ஏனென்றால் அது ஏற்கெனவே நன்றாக இருந்தது.

இனி நார்வே கதை. மலக்குடல் புற்றுநோய்க்கு ஆசனவாய் வழியாகக் கீழிருந்து மேலாக வெட்டி எடுக்கும் முறை 2010 வாக்கில் பெரிய நம்பிக்கையோடு வந்தது, இந்த நோட்ஸ் குடும்பத்துப் பிள்ளைதான் அதுவும். குறுகிய இடுப்பெலும்புக்குள் மேலிருந்து எட்டாத இடத்தைக் கீழிருந்து தெளிவாகப் பார்க்கலாம் என்பது உண்மையிலேயே நல்ல யோசனை. நார்வேயில் ஏழு மருத்துவமனைகள் 157 பேருக்குச் செய்தன. புற்றுநோய் அதே இடுப்புக்குள் சீக்கிரமாக, அதுவும் பல இடங்களில் திட்டுத்திட்டாகத் திரும்பி வருவதை அவர்களே கவனித்தார்கள். 12 பேருக்கு வந்திருந்தது. ஒவ்வொருவரையும் எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள் என்பதையும் சேர்த்து மதிப்பிட்டால் இரண்டரை வருடத்துக்குள் 11.6 சதவீதம், நாட்டின் வழக்கமான அளவோ 2.4 சதவீதம். 2018 இறுதியில் நாடு முழுக்க அந்த ஆபரேஷனை நிறுத்தினார்கள். வேறு நாடுகளில் கைதேர்ந்த இடங்கள் அப்படி வரவில்லை என்று வாதாடின, அந்த வாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் நார்வேக்காரர்களால் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், மலக்குடல் புற்றுநோயாளிகள் கிட்டத்தட்ட எல்லோரும் தேசியப் பதிவேட்டில் இருந்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் யாரையும் தொலைக்கவில்லை. நம் ஊரில் அதே சிக்கல் வந்திருந்தால் ஒரு நோயாளி மதுரைக்குப் போயிருப்பார், இன்னொருவர் கேரளாவுக்குப் போயிருப்பார், செய்தவருக்குத் தன் கையால் என்ன நடந்தது என்று தெரிந்தே இருக்காது.

மஞ்சூர்_பெள்ளி

வாய் வழி என்பதே தோற்றுப்போனது போல மேலே படிக்கிறேன். எங்கள் அப்பாவுக்கு அப்படி ஆகவில்லை என்பதால் எழுதுகிறேன். அவருக்குச் சாப்பாடு நெஞ்சிலேயே நின்றுவிடும், தண்ணீர்கூட இறங்காது, எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார். உணவுக்குழாயின் கீழ்த் தசை திறக்காத நோய், அகலேசியா என்றார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு, உணவுக்குழாய்ச் சுவரின் இரண்டு படலத்துக்கு நடுவில் சுரங்கம்போல் வழி செய்து உள்தசையை வெட்டிவிட்டு, நுழைந்த இடத்தை கிளிப் போட்டு மூடினார்கள். வெளியில் ஒரு கீறல் இல்லை. வந்த அந்த வாரமே கஞ்சி இறங்கியது, இப்போது ராகிக்களி சாப்பிடுகிறார்.

ஊட்டி_மாணவன்

பெள்ளி அண்ணா, அந்த முறைக்குப் பெயர் போயம். 2008-இல் ஜப்பானின் இனோவே முதலில் மனிதருக்குச் செய்தார். அதுவும் இந்த நோட்ஸ் ஆராய்ச்சியிலிருந்து கிளைத்ததுதான். சுவரில் நேராக ஓட்டை போடாமல், உள்ளே நுழையும் இடத்தையும் தசையை வெட்டும் இடத்தையும் தள்ளித் தள்ளி வைத்துவிட்டால் நடுவில் உள்ள படலமே மூடிபோல் அடைத்துக்கொள்ளும் என்று பன்றிகளில் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். துளையை மூடும் சிக்கலை அப்படித் தாண்டினார்கள்.

இதையும் முறையாக ஒப்பிட்டார்கள். 2019-இல் 221 பேரை வைத்து லேப்ராஸ்கோப்பி முறையோடு ஒப்பிட்டதில் இரண்டு வருடம் கழித்துப் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான், 83 சதவீதமும் 81.7 சதவீதமும். ஆனால் ஆசிட் மேலேறி உணவுக்குழாய் புண்ணாவது போயத்தில் அதிகம், இரண்டு வருடத்தில் 44 சதவீதம், மற்றதில் 29. அதனால் அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் இல்லாவிட்டாலும் ஒருமுறை எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொள்வது நல்லது.

மஞ்சூர்_பெள்ளி

நெஞ்செரிச்சல் இருக்கிறது தம்பி. வயசு என்று நினைத்து விட்டுவிட்டோம். ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இந்த மாதமே கூட்டிப் போகிறேன்.

பெயர்_வேண்டாம்

பெயர் போட்டு எழுத முடியாது, ஆனால் வாணிக்காக எழுதுகிறேன். எனக்குக் கர்ப்பப்பை இந்த வழியில்தான் எடுத்தார்கள். ஆய்வில் சேர்ந்து செய்ததில்லை, டாக்டர் சொன்ன முறை.

வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. மறுநாள் எழுந்து நடந்தேன், குனிய முடிந்தது, இருமும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தோள்பட்டையில் ஒரு வலி வந்தது, வாயு விட்டதால் என்றார்கள், தானே போய்விட்டது. கொஞ்ச நாள் லேசாக ரத்தம் கலந்து வெள்ளைப்பட்டது. நாற்றம் அடித்தாலோ திடீரென்று நிறையப் பட்டாலோ உடனே வரச் சொன்னார்கள்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஆறு வாரம் கழித்துத் தாம்பத்தியத்தில் எனக்கு வலி இருந்தது, சில மாதங்கள் இருந்தது. செக்கப்புக்குப் போனபோது தையல் நன்றாக ஆறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள், வலிக்கிறதா என்று கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் வாய் வரவில்லை, ஜூனியர் பையன்கள் சுற்றி நின்றார்கள். பிறகு சரியாகிவிட்டது. லேப்ராஸ்கோப்பியில் எடுத்திருந்தாலும் அந்தத் தையல் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது, அதனால் இந்த முறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆய்வு என்று நடத்தினால் அந்தக் கேள்வியைத் தனியாக, ஒரு பெண் உட்கார்ந்து, ஆறு மாதமும் ஒரு வருடமும் கழித்துக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பாதி ஆய்வுதான்.

கூடலூர்_களப்பணி

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி, இதை எழுத எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும் என்று தெரிகிறது.

நான் கூடலூர் பக்கம் பாடிகளுக்கு, அதாவது பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போய்ச் சுகாதார வேலை செய்கிறவள். பணியர், காட்டுநாயக்கர் வீடுகளுக்கு ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுத்துவிட்டோம் என்றால் வேலை முடிந்துவிடாது. அவர்கள் பேசுவது வேறு மொழி, தமிழ் எழுத்து பலருக்கு வாசிக்க வராது, டாக்டர் முன்னால் எதற்கும் சரி என்று தலையாட்டுவார்கள். அவர்கள் மொழியில் ஒருவர் உட்கார்ந்து சொல்லி, பிறகு நீ என்ன புரிந்துகொண்டாய் என்று திருப்பிக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்து தூரம். எங்கள் பக்கத்திலிருந்து கோவைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், கூட வருகிறவரின் கூலியும் போகும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நிற்கும், 2009-இல் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். செக்கப்புக்கு வராதவர்களை "தொடர்பில் இல்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள். வராதவர்களில் நன்றாக இருப்பவரும் இருப்பார், ரொம்ப மோசமாக இருப்பவரும் இருப்பார், அவரைத்தான் நாம் தேடிப் போக வேண்டும். மலைக்காரர்களைச் சேர்க்கிறவர்கள் மலையேறி வந்து பார்க்கவும் திட்டமும் பணமும் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை என்றால் எங்கள் ஆட்களைச் சேர்க்காதீர்கள் என்று நான் நேராகவே சொல்வேன்.

கோத்தகிரி_வாணி

இன்று ஆஸ்பத்திரி போனேன், விவரத்தாளை வீட்டுக்கே வாங்கி வந்துவிட்டேன். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் அம்மா நன்றாகத்தான் பேசினார்.

தாளில் இருப்பது: ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறது, எண் போட்டிருக்கிறது. நெறிமுறைக் குழுவின் முகவரி, போன் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வைத்தியம் நிற்காது. கீறல் போடும் விஷயம் எதுவும் இல்லை, எந்த முறை என்று நமக்குச் சொல்லிவிடுவார்கள். செக்கப் ஆறாவது வாரத்தில் ஒன்று, அதோடு முடிகிறது. ஆய்வால் ஏதாவது ஆனால் "தகுந்த சிகிச்சை அளிக்கப்படும்" என்று இருக்கிறது, யார் செலவில் என்று இல்லை. எந்த டாக்டர் செய்வார் என்று கேட்டேன், குழு செய்யும் என்றார்கள்.

எமரால்டு_டாக்டர்

வாணி, தாளை வீட்டுக்கு வாங்கி வந்ததே பெரிய காரியம், அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

பதிவு எண் இருப்பது நல்லது. அதை வைத்து யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம், எதை அளக்கப்போகிறோம் என்று முதலில் சொன்னதை ஆய்வு முடிந்த பிறகு யாருக்கும் தெரியாமல் மாற்றிக்கொள்வது கடினம். ஆறு வாரத்தோடு முடிப்பது எனக்குப் போதாது. தையல் விட்டுப்போவது, வலி, மூத்திரக் கசிவு இதெல்லாம் பிறகும் வரும். குறைந்தது ஒரு வருடம் போனிலாவது கேட்க வேண்டும். செலவு விஷயம் விடவே கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை வழிகாட்டுதலில் ஆய்வால் வரும் பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று தெளிவாக இருக்கிறது. தாளில் அது ஒரு வரியாக வர வேண்டும்.

"குழு செய்யும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். செய்கிறவர் இந்தப் புதிய முறையில் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது, நல்ல சர்ஜன் யோசிக்காமல் எண்ணிக்கையைச் சொல்வார். கூடவே, பாதியில் முடியாமல் லேப்ராஸ்கோப்பிக்கோ வயிற்றைத் திறந்தோ மாற்றினால் அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்றும் கேளுங்கள். குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கக் கணக்கில்தான் எழுத வேண்டும். தோற்றவற்றைத் தூக்கி எதிர்ப்பக்கம் போட்டால் புதிய முறை எப்போதும் ஜெயிக்கும்.

அக்காவுக்குச் சுகப்பிரசவம், வயிற்றில் முன்னால் ஆபரேஷன் இல்லை, அது இந்த வழிக்குச் சாதகம். கட்டியின் அளவும், கர்ப்பப்பையின் பின்பக்கம் மலக்குடலோடு ஒட்டியிருக்கிறதா என்பதும் பார்த்தாக வேண்டும். ஒட்டியிருந்தால் இந்த வழி வேண்டாம். ஆய்வில் சேராமல் வழக்கமான லேப்ராஸ்கோப்பியே செய்துகொள்வதும் முழுக்க நல்ல வைத்தியம்தான், அதற்காக யாரும் குறைவாக நினைக்கக் கூடாது. என்னைக் கேட்டால், அந்த ஒரு வருடமும் அந்தச் செலவு வரியும் எழுத்தில் வந்தால் நான் என் தங்கையைச் சேர்ப்பேன். வராவிட்டால் சேர்க்க மாட்டேன்.

பந்தலூர்க்காரன்

டாக்டர் ஐயா சொல்வதுபோல் எழுத்தில் வந்தால் எனக்கும் எதிர்ப்பில்லை. சின்னம்மாவுக்கு நடந்ததை இவ்வளவு நாள் கழித்தாவது எங்கே எழுதிக் கொடுக்கலாம்?

எமரால்டு_டாக்டர்

அது ஆய்வாக இருந்திருந்தால் ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், அதில் நெறிமுறைக் குழுவின் முகவரி இருக்கும். அந்தக் குழுவில் ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத வெளியாட்களும் உண்டு. அவர்களுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் தாள், உள்ளூரில் பார்த்த சீட்டு, இரண்டின் நகலும் வையுங்கள். படிவமே கொடுக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். எழுதத் துணை வேண்டுமானால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், சேர்ந்து எழுதுவோம்.

கூடலூர்_களப்பணி

தம்பி, பந்தலூர்தானே, நான் வியாழக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். தாள்களை எடுத்து வையுங்கள். சின்னம்மாவுக்கு இன்னும் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யவும் வழி இருக்கிறது, முதலில் அதைப் பார்ப்போம்.

வாணி, சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒன்று செய்யுங்கள். காய்ச்சல், ரத்தம், மூத்திரம் போகாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் குஞ்சப்பனை இறங்கிக் கோவை போக வேண்டியதில்லை, ஊட்டி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போகலாம். ஆனால் அங்கே பார்ப்பவருக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று தெரிய வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் எந்த வழி, எங்கே தையல், என்ன நூல் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செய்த டாக்டரின் இரவு நம்பரையும் அதே தாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி_வாணி

எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை திரும்பப் போகிறோம், இந்த முறை மாமாவும் வருகிறார். எண்ணிக்கையும் செலவும் அவர் கேட்கிறேன் என்கிறார். ஒரு வருட போன் விஷயத்தையும் அந்தப் பெயர் சொல்லாத அக்கா எழுதிய கேள்வியையும் நான் கேட்கிறேன்.